சேரும் இடம் வரை மௌனம்

பழ ஈயின் முட்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தச் சிறு ஈ இட்டுவிட்டுப் போகும் முட்டை, நம் கண்ணுக்கு ஒரு வெள்ளைத் துகள்தான். ஆனால் அந்தத் துகளுக்குள் தலை எந்த முனையில் வர வேண்டும், வால் எந்த முனையில் வர வேண்டும் என்பது கரு வளரத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது தாய் ஈ. அது முட்டையின் முன்முனையில் 'பைகாய்டு' என்ற மரபணுவின் செய்தியைச் சேர்த்து வைக்கிறது. அங்கே இருப்பது புரதம் அல்ல, புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு மட்டுமே.

முட்டை இடப்பட்டதும் அந்தக் குறிப்பு படிக்கப்படுகிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் முன்முனையில் செறிந்தும், பின்னே போகப் போக நீர்த்தும் பரவுகிறது. செறிவு மிகுந்த இடத்தில் தலை உருவாகிறது, சற்றுக் குறைந்த இடத்தில் மார்பு. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வொல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் 1988-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பைகாய்டு செய்தியைத் தர முடியாத தாயின் முட்டையில் உருவாகும் கருவுக்குத் தலையும் இருக்காது, மார்பும் இருக்காது. தலை இருக்க வேண்டிய முனையில் வால்பகுதி முளைத்திருக்கும். கருவளர்ச்சியின் தொடக்கத்தை மரபணுக்கள் எப்படி ஆள்கின்றன என்று கண்டதற்காக 1995-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் ஒருவர்.

ஒரு செய்தி எந்த முனையில் இருக்கிறது என்பதில் ஓர் உயிரின் தலையே அடங்கியிருக்கிறது. அப்படியானால் அந்தச் செய்தியை அந்த முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

தூது ஆர்.என்.ஏ. என்ற பெயர் இன்று நமக்குப் புதிதல்ல. கொரோனா காலத்துத் தடுப்பூசிகள் அதை வீட்டுப் பேச்சில் கொண்டுவந்துவிட்டன. உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வருகிறது. ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதம் செய்கின்றன. இப்படி ஒரு தூது இருக்கிறது என்பது 1961-இல் உறுதியானது. அதன்பின் நெடுங்காலம், வெளியே வரும் படி செல்லுக்குள் எங்கும் பரவும், அகப்பட்ட ரைபோசோம் அதைப் படிக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். செல் என்பது ஒரு பை, உள்ளே இருப்பது ஒரு குழம்பு என்பதுதான் அந்த எண்ணத்துக்கு அடியில் இருந்த சித்திரம்.

அந்தச் சித்திரம் 1980-களில் குலைந்தது. கடல்வாழ் உயிரான அசிடியனின் முட்டையில் ஆக்டின் என்ற புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. எங்கும் பரவாமல் ஒரு பகுதியில் மட்டும் குவிந்திருப்பதை வில்லியம் ஜெஃப்ரி குழுவினர் 1983-இல் கண்டார்கள். 1986-இல் ஜீன் லாரன்ஸும் ராபர்ட் சிங்கரும் கோழிக்கருவின் இணைப்புத்திசு செல்களைப் பார்த்தார்கள். அங்கும் ஆக்டினின் செய்தி, செல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்து விளிம்பில் குவிந்திருந்தது. செல்லை முன்னே தள்ளுவது ஆக்டின் இழைகள்தான். எந்த இடத்தில் அந்தப் புரதம் வேண்டுமோ, அந்த இடத்துக்கே அதன் செய்முறை போய்க் காத்திருந்தது.

இவை விதிவிலக்குகள் என்று சொல்லிவிட முடியாது. பழ ஈயின் கருவில் 3,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அவற்றில் 71 விழுக்காடு செல்லுக்குள் தமக்கென ஓர் இடத்தில் அமைந்திருந்தன. இடம் பார்த்துப் போவதுதான் பெரும்பாலான செய்திகளின் வழக்கம்.

ஆனால் ஆர்.என்.ஏ. தானாகப் போவதில்லை. அதற்கு நகரும் திறன் இல்லை, திசையும் தெரியாது. அதன் எழுத்துகளில் ஒரு சிறு பகுதி, புரதம் செய்வதற்கான குறிப்பு முடிந்தபின் வரும் வால்பகுதியில், முகவரியாக இருக்கிறது. ஆக்டின் செய்தியில் அந்த முகவரியின் நீளம் 54 எழுத்துகள். சிங்கரின் குழு அதற்கு ஜிப்கோடு என்றே பெயர் வைத்தது. நம் ஊர் பின்கோடுக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் பெயர் அது. அந்த எழுத்துகளை மறைத்துவிட்டால் செய்தி விளிம்புக்குப் போவதில்லை, செல்லின் நடையும் தளர்கிறது. 1997-இல் அந்த முகவரியைப் படிக்கும் புரதத்தையும் கண்டார்கள். ஜிப்கோடைப் பற்றும் புரதம் என்ற பொருளில் அதற்கு இசட்.பி.பி.1 என்று பெயர்.

இந்தப் பெயர்களைக் கேட்டதும் தபால்காரர் நினைவுக்கு வருவது இயல்பு. பாதி தூரம் வரை அந்த ஒப்புமை நம்மை அழைத்துப்போகும். முகவரி இருக்கிறது, அதைப் படிப்பவர் இருக்கிறார், வாகனம் இருக்கிறது. செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களும் ஆக்டின் இழைகளும் சாலைகள் என்றால், கைனசின், டைனீன், மயோசின் என்ற மோட்டார் புரதங்கள் அந்தச் சாலைகளில் அடி எடுத்து வைத்து நடப்பவை. முகவரியைப் படித்த புரதம் சரக்கை மோட்டாரோடு இணைத்துவிடுகிறது. இதுவரை எல்லாம் பொருந்துகிறது. ஆனால் தபால்காரர் கடிதத்தின் வாயைப் பொத்த வேண்டியதில்லை. அது தானாகப் பேசாது. செல்லுக்குள் போகும் செய்தியோ வழியெல்லாம் பேசத் துடிப்பது. சுற்றிலும் ரைபோசோம்கள் இருக்கின்றன. அகப்பட்ட இடத்தில் படித்துப் புரதம் செய்துவிட அவை ஆயத்தமாக இருக்கின்றன. எனவே சுமக்கும் புரதங்களுக்கு இரண்டாவதாக ஒரு வேலை உண்டு. சேரும் இடம் வரை அந்தச் செய்தியை மௌனமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த மௌனம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் மூளையிலேயே சான்று இருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை சுற்றப்பட்டிருக்கிறது. அந்த உறையின் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது ஒரு புரதம். சவ்வு என்று எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. அது செல்லின் நடுப்பகுதியில் உண்டாகிவிட்டால் அங்கே இருக்கும் சவ்வுகளில் ஒட்டிக்கொண்டு கேடு விளைவிக்கும். அதனால் அந்தப் புரதத்தைச் செய்து அனுப்புவதில்லை. அதன் செய்தியை மட்டும், படிக்கப்படாத நிலையில், உறை சுற்றும் செல்லின் நீண்ட கரங்களின் நுனிக்கு அனுப்புகிறார்கள் அந்தச் சிறு சுமைகாரர்கள். உரிய இடத்தில் உறையாகும் அதே பொருள், வழியில் உண்டானால் வினையாகிவிடும்.

ஈஸ்ட் என்ற நுண்ணுயிரிலும் இதே நாடகம் நடக்கிறது. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட், மொட்டு விட்டுப் பெருகும். தாய்ச் செல்லின் பக்கத்தில் ஒரு சிறு மொட்டு எழுந்து, வளர்ந்து, மகள் செல்லாகப் பிரிகிறது. தாய்ச் செல் தன் பாலின வகையை மாற்றிக்கொள்ளும், அப்போதுதான் பிறந்த மகள் மாற்றிக்கொள்ளாது. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட இருவருக்கிடையில் ஏன் இந்த வேறுபாடு? மகளின் உட்கருவில் ஆஷ்1 என்ற புரதம் இருந்து அந்த மாற்றத்தைத் தடுக்கிறது, தாயிடம் அது இல்லை. ஆஷ்1 செய்தியை மொட்டின் நுனிக்குக் கொண்டுபோவதால் வருவது அந்த வேறுபாடு என்று 1997-இல் தெரியவந்தது.

அந்தப் பயணத்தில் மூன்று புரதங்கள் கைகோக்கின்றன. ஷீ2 செய்தியைப் பற்றுகிறது, ஷீ3 அதை மோட்டாரோடு பிணைக்கிறது, மயோ4 என்ற மயோசின் ஆக்டின் இழைமேல் நடந்து மொட்டுக்குள் போகிறது. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் செய்தி இருவருக்கும் பரவி, மகளுக்கும் தாய்க்கும் வேறுபாடு அழிந்துவிடும். 1998-இல் ஆய்வாளர்கள் அந்தச் செய்தியோடு ஒளிரும் புரதத்தை ஒட்டி, உயிருள்ள ஈஸ்டுக்குள் அது ஒரு வெளிச்சப் பொட்டாக மொட்டை நோக்கி நகர்வதை நேரில் பார்த்தார்கள்.

அவர்களோடு இன்னும் இருவர் பயணம் செய்கிறார்கள். பஃப்6, கே.எச்.டி.1 என்ற இரு புரதங்கள் ஆஷ்1 செய்தியைப் பற்றிக்கொண்டு, அது வழியில் படிக்கப்படாமல் காக்கின்றன. அவற்றின் பிடி எங்கே தளர்கிறது என்பதில்தான் எனக்கு இந்தத் துறையின் மிக ஆழமான பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது. மொட்டின் வெளிச்சவ்வை ஒட்டி இருக்கும் ஒரு நொதி, கே.எச்.டி.1-இன் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டுகிறது. உடனே பிடி நழுவுகிறது, செய்தி படிக்கப்படுகிறது. பூட்டு செய்தியோடு பயணம் செய்கிறது, சாவியோ சேருமிடத்தில் இருக்கிறது.

இது ஈஸ்டின் தனி வழக்கம் அல்ல. நாம் முன்பு பார்த்த இசட்.பி.பி.1 புரதமும் ஆக்டின் செய்தியைச் சுமக்கும்போதே அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறது. சுமக்கும் கையும் பொத்தும் கையும் ஒன்றே. செல்லின் விளிம்பை அடைந்ததும், அங்கே செயல்படும் ஸார்க் என்ற நொதி அந்தப் புரதத்தின் ஓரிடத்தில் பாஸ்பேட்டை வைக்கிறது. பிடி தளர்ந்து ஆக்டின் உண்டாகிறது. இதை 2005-இல் காட்டினார்கள். உயிர்மரத்தின் வெவ்வேறு கிளைகளில் நிற்கும் ஈஸ்டும் விலங்கும் ஒரே ஒழுங்கைக் கைக்கொண்டிருக்கின்றன.

செய்தி நேர்வழியில் போகிறதா என்றால், அதுவும் இல்லை. பழ ஈ முட்டையின் பின்முனைக்குப் போக வேண்டிய செய்தி ஒன்று உண்டு, பெயர் ஆஸ்கர். அடுத்த தலைமுறைக்கான இனப்பெருக்க செல்கள் எங்கே உருவாக வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. ஆனி எஃப்ருஸியும் ரூத் லேமனும் 1992-இல் அந்தச் செய்தியின் வாலை மாற்றி, பைகாய்டின் முகவரியை ஒட்டிவிட்டார்கள். ஆஸ்கர் முன்முனைக்குப் போனது. இனப்பெருக்க செல்களும் தலை வர வேண்டிய முனையில் முளைத்தன. செய்தியில் எழுதியிருந்தது மாறவில்லை, சேர்ந்த இடம் மட்டுமே மாறியது.

அந்த ஆஸ்கரின் பயணத்தை 2008-இல் நேரில் படம் பிடித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அது பின்முனையை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடவில்லை. எல்லாத் திசைகளிலும் போனது, வந்தது, நின்றது. பின்முனையை நோக்கிய நகர்வுகள் எதிர்த்திசையில் போனவற்றைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நுண்குழாய்கள் அமைந்திருக்கும் விதத்தில் இருந்த சிறு சாய்வு அது. அந்தச் சாய்வே, ஆயிரம் தடுமாற்றங்களைக் கடந்து, செய்தியைப் பின்முனையில் குவித்துவிடுகிறது. சுமந்து போகும் மோட்டாருக்கு ஊர்ப்படம் தெரியாது, முட்டையின் மொத்த வடிவத்தை அறிந்த தலைவர் என்று உள்ளே யாரும் இல்லை. அப்படியும் ஈக்குத் தலையும் வாலும் சரியாகவே அமைகின்றன.

நானோஸ் என்ற இன்னொரு செய்தியின் கதை இதைவிடக் கடுமையானது. அதுவும் பின்முனைக்கு உரியது. ஆனால் முட்டையில் இருக்கும் நானோஸ் செய்திகளில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே பின்முனையில் நிலைகொள்கின்றன. மீதி உடலெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவை பேசினால் கருவின் முன்பகுதி குலைந்துபோகும். அவற்றைப் பேசவிடாமல் பிடித்து வைத்து, கடைசியில் அழித்தும் விடுகிறது ஸ்மாக் என்ற புரதம். பின்முனையில் மட்டும், அங்கே வந்துசேர்ந்து படிக்கப்பட்ட ஆஸ்கரின் புரதம் ஸ்மாகின் பிடியைத் தடுத்து நானோஸைப் பேசவைக்கிறது. நூற்றுக்கு 96 செய்திகள் வீணாவதை இந்த உயிர் பொறுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு செய்தி தவறான இடத்தில் பேசிவிடுமோ என்பதில்தான் அதன் கவனமெல்லாம் இருக்கிறது.

ஈயும் ஈஸ்டும் நமக்குத் தொலைவானவை என்று தோன்றினால், நம் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்பணுவை நினைத்துக்கொள்ளலாம். அதன் இழை ஒரு மீட்டர் நீளம் இருக்கும். உட்கருவோ ஒரு முனையில் இருக்கிறது. இன்னொரு முனையில் அவசரமாக ஒரு புரதம் தேவைப்பட்டால் தலைமையகத்திலிருந்து செய்து அனுப்ப நேரமில்லை. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் சினாப்ஸ்களும் இப்படித்தான். ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கில் சினாப்ஸ்கள். நாம் ஒன்றைக் கற்கும்போது அவற்றில் சில மட்டும் வலுப்பெற வேண்டும், எல்லாமும் அல்ல. 1982-இல் ஆஸ்வால்டு ஸ்டூவர்டும் வில்லியம் லெவியும் சினாப்ஸ்களின் அடியிலேயே ரைபோசோம்கள் கூட்டமாக இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். செய்திகள் முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைக்கப்படுகின்றன. சினாப்ஸ் தூண்டப்படும்போது அந்த இடத்திலேயே படிக்கப்படுகின்றன. நம் நினைவுகள் நிலைப்பதில் இப்படி மௌனமாகக் காத்திருந்த செய்திகளுக்கும் பங்கு உண்டு.

அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை ஃப்ராஜைல் எக்ஸ் என்ற நோய் காட்டுகிறது. பெற்றோரிடமிருந்து வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது அது. அதற்குக் காரணமான மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணுவின் தொடக்கத்தில் மூன்று எழுத்துகள் 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும்போது மரபணுவே அடைபட்டு, எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் உண்டாகாமல் போகிறது. நரம்பணுவில் பல செய்திகளைப் பற்றி, அவற்றை அடக்கி வைப்பது அந்தப் புரதத்தின் முக்கிய வேலை. அது இல்லாதபோது சினாப்ஸ்களில் புரதங்கள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. அந்த மிகையை அடக்கும் மருந்துகள் எலிகளில் நல்ல பலன் தந்தன, மனிதரில் நடந்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. வெளியிலிருந்து மொத்தமாக வாயை அடைப்பது எளிது. எந்த இடத்தில், எந்த நொடியில் திறக்க வேண்டும் என்று தெரிந்த காவலைத் திருப்பித் தருவது கடினம்.

தமிழ்நாட்டில் 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பெற்றோர்கள் ஊரெல்லாம் கையேந்திய செய்திகளை 2021 வாக்கில் படித்திருப்போம். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு என்ற நோய்க்கான ஊசி அது. அந்த நோயில் குறைவது எஸ்.எம்.என். என்ற புரதம். அதற்குப் பல வேலைகள் உண்டு. ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் சரியாக ஒன்றுசேர்த்துக் கொடுப்பது அவற்றில் தலையாயது. அந்தப் புரதம் குறைந்த எலிகளின் இயக்க நரம்பணுக்களில், இழை நுனிக்குப் போய்ச் சேரும் ஆக்டின் செய்தி குறைந்திருந்ததை 2003-இல் கண்டார்கள். நோய்க்கு அதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெயரில்லாத இந்தச் சுமைகாரர்களின் ஒழுங்கு எத்தனை குழந்தைகளின் நடையைத் தாங்கி நிற்கிறது என்பதை அது உணர்த்துகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் உரிமை பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. ஒரு செய்தியைத் திறக்கும் உரிமை யாருக்கு? அனுப்பியவருக்கு என்று நாம் எண்ணுவோம், ஏனென்றால் சொல் அவருடையது. சுமந்தவருக்கு என்றும் சொல்லலாம், உழைப்பு அவருடையது. செல் இரண்டையும் ஏற்கவில்லை. உட்கரு செய்தியை எழுதுகிறது, ஆனால் அது எப்போது படிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. சுமக்கும் புரதம் வழியெல்லாம் அதைக் கையில் வைத்திருக்கிறது, ஆனால் தானாகத் திறப்பதில்லை. மொட்டின் நுனியும், செல்லின் விளிம்பும், தூண்டப்பட்ட சினாப்ஸும்தான் திறக்கின்றன. தேவை எங்கே இருக்கிறதோ, திறக்கும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது.

புரதத்துக்கு அடக்கம் என்ற பண்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. அதற்கு மனம் இல்லை. மடிப்பும் மின்னேற்றமும் ஒட்டும் பரப்பும்தான் அதற்கு இருப்பவை. ஈஸ்டைப் பார்த்து மனிதர் ஒழுக்கம் கற்க வேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. ஆனால் மனமே இல்லாத ஓர் உலகம் நீண்ட பரிணாமத்தில் கண்டடைந்த ஏற்பாட்டை, மனமுள்ள நாம் எத்தனை முறை மீறுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்று தெரிந்துவிட்டது என்பதாலேயே அதைச் சொல்ல உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். கேட்பவர் ஆயத்தமா, இடம் சரியா என்று பார்ப்பதில்லை. குழந்தையின் கேள்வி பிறக்கும் முன்பே பதிலைத் திணிக்கிறோம். துயரத்தில் இருப்பவரிடம் அறிவுரையைக் கொட்டுகிறோம். கையில் வந்த தகவலை அந்த நொடியே நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். பிறகு, உண்மையைத்தானே சொன்னேன் என்று கேட்கிறோம். தலை வர வேண்டிய இடத்துக்குப் போன ஆஸ்கரும் உண்மையான செய்திதான். அதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

மௌனம் மட்டும் போதும் என்பதும் இதற்குப் பொருள் அல்ல. சேர வேண்டிய இடத்தை அடைந்த பிறகும் பிடியை விடாத புரதம், செய்தியை வழியில் சிதறவிட்ட புரதத்தைப் போலவே பயனற்றது. வைத்திருக்கும் வலிமையும் விட்டுவிடும் எளிமையும் ஒரே இடத்தில் கூடினால்தான் சுமத்தல் முழுமையாகிறது. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் செய்தி எழுதுபவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்களிடம் வந்து சேர்ந்த சொல் உங்களுடையது என்று எண்ணாதீர்கள், அது யாருக்கு வேண்டுமோ அவருடையது. அதுவரை அதைச் சிதறாமல் வைத்திருங்கள். அவர் கை நீட்டும்போது தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.